அஞ்சப்படுவதும் அச்சம் பிறக்குமிடமும்: பேயில்லாத் திகில் படங்கள் குறித்து ஒரு நோக்கு

1. சொல்லும் வகையும்

திரைப்பட வகைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் விளம்பரத் தாள்களிலும் வார இதழ்களிலும் பிறந்தவை. அவை ஆய்வாளரால் வரையறுக்கப்பட்டவை அல்ல. எனினும் அவற்றைப் பயன்படுத்தாமல் திறனாய்வாளரோ மொழிபெயர்ப்பாளரோ ஒரு பக்கமும் எழுத இயலாது. ஆங்கிலத்தில் 'ஹாரர்' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படும் படங்களுக்குத் தமிழில் பேய்ப்படம், திகில் படம், மர்மப் படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் பேய்ப்படம் என்பதே 'ஹாரர்' என்பதற்கு நேரான பெயராகப் பலராலும் கொள்ளப்படுகிறது. இதனால் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960), மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' (1960), ஆன்ரி ஜார்ஜ் க்ளூசோவின் 'லே தியாபோலிக்' (1955) ஆகியன அவ்வகையின் செவ்வியல் படைப்புகளாகப் போற்றப்படுபவை. அவற்றுள் எதிலும் பேய் இல்லை. இவற்றைப் பேய்ப்படம் என்று பெயர்த்தால் பிழையாகும். மர்மப் படம் என்று பெயர்த்தால் துப்பறியும் கதைகளோடு கலந்துவிடும்.

இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. நோயல் கரோல் 1990இல் வெளியிட்ட, அச்சத்தின் மெய்யியலை ஆராயும் நூலில், இயற்கை அறிவியல் ஒப்புக்கொள்ளாத ஒரு கொடிய உயிர் இடம்பெறுவதே இவ்வகையின் அடையாளம் என்று வரையறுத்தார். அதன்படி 'சைக்கோ' போன்ற படங்கள் வகையின் எல்லைக்கு வெளியே நிற்க நேர்ந்தது. மனிதனையே அச்சத்தின் காரணமாகக் கொண்ட படங்களை வரையறை விலக்க, பார்வையாளரின் அனுபவமோ அவற்றை உள்ளே சேர்க்கிறது. இம்முரணைத் தீர்க்கத் தமிழ் இலக்கண மரபு உதவக்கூடும் என்பதும், அவ்வுதவியைக் கொண்டு தமிழ்த் திகில் படங்களின் நிறைகுறைகளைத் தெளிவாக மதிப்பிடலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. அச்சத்தின் நான்கு களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகப் பகுக்கிறது. அணங்கு என்பதனுள் தெய்வமும் பேயும் போன்ற மனித ஆற்றலுக்கு மேம்பட்டவை அடங்கும். எஞ்சிய மூன்றும் கண்ணால் காணத்தக்க உலகைச் சேர்ந்தவை. எனவே தமிழ் மரபின்படி அச்சத்தின் நான்கு பகுதிகளுள் மூன்று பேயோடு தொடர்பற்றவை. பேயில்லாத அச்சம் என்பது விதிவிலக்கன்று, அதுவே பெரும்பான்மை.

சொற்பொருள் நோக்கிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. உரியியலில் பே, நாம், உரும் என்னும் மூன்று சொற்கள் அச்சப் பொருளன எனக் கூறப்படுகின்றன. அவற்றுள் உரும் என்பது இடியையும் குறிக்கும். பே என்பதனோடு பேய் என்னும் பெயரைத் தொடர்புபடுத்தி நோக்க இடமுண்டு. அவ்வாறு கொள்ளின், அச்சம் என்னும் பொருள் முந்தியது. அதற்கு உருவமாக அமைந்த பேய் பிந்தியது. பேய் இருப்பதால் அஞ்சினர் என்பதைவிட, அஞ்சியதால் பேய் என்றனர் என்பதே சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்தும்.

நான்கனுள் இறை என்பது தனித்து நோக்கத்தக்கது. அரசன், தலைவன், மூத்தோன், கணவன் என்னும் பொருள்களை அகராதிகள் இச்சொல்லுக்குத் தருகின்றன. காக்க வேண்டியவனே அஞ்சப்படுபவனாகவும் இருத்தல் இச்சொல்லுள் அடங்கிய முரண். கள்வர் புறத்திலிருந்து வருபவர். இறை அகத்தே இருப்பவன். பின்னர்க் காட்டப்படுமாறு, சிறந்த திகில் படங்கள் பலவும் கள்வர் அச்சமாகத் தொடங்கி இறை அச்சமாக முடிபவை.

3. வேற்றுமையும் திரைக்கதையும்

அச்சச் சொற்கள் ஏற்கும் வேற்றுமை குறித்து வேற்றுமை மயங்கியலில் ஒரு விதி உண்டு. அஞ்சுதற் பொருளில் ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் வரும் என்பது அதன் கருத்து. பழியின் அஞ்சும், பழியை அஞ்சும் என இரண்டும் வழக்காகும். முன்னையது அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காட்டும். பின்னையது எது அஞ்சப்படுகிறது என்பதைக் காட்டும். இரண்டும் ஒரே பொருளைச் சுட்டுவதால் இலக்கண நூலார் இதனை மயக்கம் என்றனர்.

பேயில்லாத் திகில் படம் என்பது இவ்விரண்டு வேற்றுமைகளையும் பிரித்து வைக்கும் கதை எனலாம். பேய்ப்படத்தில் அஞ்சப்படுவதும் அச்சம் பிறக்குமிடமும் ஒன்றே, இரண்டும் பேய்தான். 'சைக்கோ'வில் அஞ்சப்படுபவள் தாய். அச்சம் பிறக்குமிடமோ மகன். 'லே தியாபோலிக்'கில் மனைவி அஞ்சுவது இறந்துபோன கணவனை. அச்சம் பிறப்பது உயிரோடுள்ள கணவனிடமிருந்து. பார்வையாளர் முதலில் இரண்டாம் வேற்றுமையை அறிகின்றனர். ஐந்தாம் வேற்றுமையை இறுதியிலேயே அறிகின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே திகிலின் நீளமாகும்.

இக்காலத் தமிழில் இவ்வமைப்பு மேலும் மாறியுள்ளது. 'பாம்புக்குப் பயந்தான்', 'பாம்பைக் கண்டு பயந்தான்' என்பனவே இன்றைய வழக்கு. இரண்டாவது தொடரிலுள்ள 'கண்டு' என்பது பார்த்தலைக் குறிக்க வேண்டியதில்லை. 'எதிர்காலத்தைக் கண்டு அஞ்சினான்' என்றும் எழுதுகிறோம். எதிர்காலத்தைக் காணல் ஒருவர்க்கும் இயலாது. காணாததையும் கண்டதாகவே சொல்லி அஞ்சும் மொழியில், காட்சிக் கலையான திரைப்படம் அச்சத்தைக் கையாளும்போது, காட்டுவது எது, மறைப்பது எது என்னும் வினா தனி முதன்மை பெறுகிறது.

நான்காம் வேற்றுமையும் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது. 'அவனுக்குப் பயம்' என்றால் அஞ்சுபவன் அவன். 'அவனுக்குப் பயந்தாள்' என்றால் அஞ்சப்படுபவன் அவன். ஒரே உருபு அஞ்சுவோனையும் அஞ்சப்படுவோனையும் சுட்டுகிறது. 'சைக்கோ'வின் நார்மன் பேட்ஸ் தாய்க்கு அஞ்சுபவனும் பிறரை அஞ்சச் செய்பவனும் ஆவான். அவனைப் பற்றிய உரையாடலைத் தமிழில் துணைத்தலைப்பாக்குவோர்க்கு இவ்வுருபு மயக்கம் இடர் தருவதாகத் தோன்றினும், கதையின் உட்பொருளுக்கு அதுவே நெருங்கியது. ஆங்கிலத்தின் முன்னிடைச் சொல் பிரித்துக் காட்டுவதைத் தமிழ் உருபு சேர்த்தே வைத்திருக்கிறது.

4. விளக்கம் பெற்ற பேய்

பேயைக் காட்டிப் பின்னர் அதற்கு இயல்பான காரணம் கூறும் உத்தி, ஆங்கில நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் காலம் முதல் அறியப்பட்டது. ட்சுவெட்டான் டோடரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், நிகழ்ச்சி இயற்கையா இயற்கை கடந்ததா என்னும் ஐயம் நீடிக்கும் வரையிலேயே ஒரு படைப்பு தனக்குரிய வகையில் நிற்கும் என்றும், ஐயம் தீர்ந்தவுடன் அது வேறு வகைக்கு மாறிவிடும் என்றும் விளக்கினார்.

தமிழ்த் திரைப்படம் இவ்வுத்தியைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. கே. ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி' (1951), வயது வந்தோர்க்கு மட்டும் எனச் சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படமாகக் குறிக்கப்படுகிறது. அதற்குக் காரணம் பேய்க் காட்சிகள். ஆனால் கதையின்படி இறந்ததாகக் கருதப்பட்ட அரசன் உயிரோடிருக்கிறான். தணிக்கைக் குழுவினர் கதையின் முடிவைக் கொண்டு மதிப்பிடவில்லை. காட்சியின் ஆற்றலைக் கொண்டே மதிப்பிட்டனர் என்பது இதனால் விளங்கும். விளக்கம் அச்சத்தை அழிப்பதில்லை என்பதற்கு அச்சான்றிதழே ஓர் ஆவணம். இங்குப் பேயாகத் தோன்றியவன் அரசன் என்பதும் கருதத்தக்கது. அணங்கு என எண்ணியது இறையாக முடிந்தது.

'யார் நீ?' (1966), ராஜ் கோஸ்லாவின் இந்திப் படமான 'வோ கோன் தீ?' (1964) என்பதன் தமிழாக்கம். வெள்ளுடைப் பெண், மழை, இரவு ஆகிய பேய்க் கதைக் கூறுகள் அனைத்தும் அமைந்து, இறுதியில் உருவொற்றுமை உடைய இரு பெண்களும் சொத்துக்கான சூழ்ச்சியும் காரணமாகக் காட்டப்படுகின்றன. எஸ். பி. முத்துராமனின் 'துணிவே துணை'யில் (1976) ஓர் ஊரையே அச்சுறுத்தும் பேய், குற்றக் கும்பலின் ஏற்பாடாக வெளிப்படுகிறது. இவ்விரு படங்களிலும் அணங்கு அச்சம் கள்வர் அச்சமாக மாறுகிறது. ஆனால் மாற்றம் ஒரே உரையாடலில் நிகழ்ந்து முடிவதால், இரு வேற்றுமைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு திடீரெனச் சுருங்கிவிடுகிறது. விளக்கம் கிடைக்கிறது, ஆனால் அவ்விளக்கத்தை அஞ்ச வேண்டிய தேவை பார்வையாளர்க்கு எழுவதில்லை. சொத்துக்காக உறவினர் ஒருவரைப் பித்தராக்க முயல்வது பேயைவிட அஞ்சத்தக்கது அன்றோ என்னும் வினாவை 'யார் நீ?' எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை.

இவ்வினாவை எழுப்பியவர் எஸ். பாலசந்தர். பாடல்களே இன்றி ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' (1954) மர்மப் படம், திகில் படமன்று. 'பொம்மை'யிலும் (1964) 'நடு இரவில்' (1970) படத்திலும் அவர் அச்சத்தை நெருங்கினார். 'பொம்மை'யில் ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கப்படுகிறது. அது கைமாறிக் கைமாறிச் செல்கிறது. பொம்மைக்குள் ஆவி புகுவதாகக் கூறும் படங்கள் பிற்காலத்தில் பல மொழிகளிலும் பெருகின. பாலசந்தரின் பொம்மையில் புகுந்தது மனிதனின் பேராசை மட்டுமே. 'நடு இரவில்' அகதா கிறிஸ்டியின் தீவுக் கதையைத் தழுவி, செல்வர் ஒருவரின் மாளிகையில் கூடிய உறவினர் ஒருவர்பின் ஒருவராக மடிவதைக் காட்டுகிறது. கிறிஸ்டியின் கதையில் கூடியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர். பாலசந்தரின் படத்தில் அவர்கள் ஒரே குடும்பத்தினர். அந்நியரை உறவினராக மாற்றியதே அவர் செய்த உண்மையான தமிழாக்கம். மொழிபெயர்ப்பாளர் கற்கத்தக்க மாற்றம் அது. தமிழில் அச்சம் முழுமை பெறுவது முன்பின் அறியாதவரிடமன்று, அறிந்தவரிடமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

5. இல்லத்துள் அச்சம்

ஏ. சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) முகமூடி அணிந்த கொலைகாரனைக் காட்டியது. பார்வையாளர் காண்பது கண்களை மட்டுமே. முகமூடி விலகியதும் அச்சமும் விலகியது. பதினோராண்டு கழித்து வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) முகமூடியை அகற்றியது. கொலைகாரன் அழகும் செல்வமும் உடைய இளைஞன். அவன் யார் என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிவர். அறியாதவள் அவனை மணந்த சாரதா மட்டுமே. இங்குக் கேள்வி 'யார்' என்பதன்று. 'அவள் எப்போது அறிவாள்' என்பது. படத்தின் உச்சம், மணப்பெண் தன் கணவனின் வீட்டிற்குள் தனித்திருந்து உண்மையைக் கண்டறியும் பகுதி. கள்வர் அச்சம் இறை அச்சமாக மாறும் இடம் அதுவே. அடைக்கலம் என எண்ணிப் புகுந்த வீடே சிறையாவதைத் தமிழ்த் திரைப்படம் இவ்வளவு கூர்மையாக முன்னர்க் காட்டியதில்லை.

ஆயினும் இப்படத்தின் குறையும் அதன் ஆற்றலோடு பிணைந்தே உள்ளது. கொலைக்குக் காரணமாகக் கதை முன்வைப்பது, கொலைகாரனின் இளமையில் பெண்கள் இழைத்த தீங்கு. அவனை வளர்த்தவனின் வெறுப்பிற்கும் பெண்ணே காரணமாகிறாள். அஞ்சப்படுவோன் ஆண், ஆனால் அச்சம் பிறக்குமிடமாகப் படம் சுட்டுவது பெண். கொல்லப்படுவோர் எவ்வினத்தவரோ அவ்வினத்தின்மீதே ஐந்தாம் வேற்றுமை உருபு ஏற்றப்படுகிறது. சாரதாவின் நற்பண்பு விதிவிலக்காக நின்று இப்பழியை ஈடுசெய்ய முயல்கிறது. ஆனால் விதிவிலக்கு விதியை உறுதிப்படுத்துமேயன்றி நீக்காது.

பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) இதனோடு ஒப்பிடத்தக்கது. ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய இப்படத்திலும் கொலைகாரன் பெண்களையே கொல்கிறான். அவனுடைய இளமை நினைவுகளில் தாயைத் துன்புறுத்திய தந்தை தோன்றுகிறான். தந்தை நாடிச் சென்ற பெண்களையே மகன் குற்றவாளிகளாகக் கருதுகிறான். ஆனால் பார்வையாளர் காண்பது தந்தையின் கொடுமையை. கொலைகாரன் கூறும் காரணமும் படம் காட்டும் காரணமும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு 'சிகப்பு ரோஜாக்க'ளில் இல்லை; அங்குக் கொலைகாரனின் கருத்தே ஏறத்தாழப் படத்தின் கருத்தாகிவிட்டது. திகிலூட்டும் திறத்தில் முன்னையது விஞ்சி நிற்கலாம். திகிலின் காரணத்தை ஆராயும் நேர்மையில் 'மூடுபனி'யே மேம்பட்டது.

'ஊமை விழிகள்' (1986) அச்சத்தை இல்லத்திலிருந்து பொதுவெளிக்குக் கொண்டு வந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர்களின் முயற்சியாக உருவாகி, அரவிந்தராஜ் இயக்கிய இப்படத்தில், இளம்பெண்கள் மறையும் இடத்தை ஆராயப் புகும் செய்தியாளர்கள் கொலைகாரனோடு மட்டுமன்றி அவனுக்கு அரணாக நிற்கும் செல்வாக்கோடும் மோத நேர்கிறது. மூதாட்டியின் தோற்றம் பேய்க் கதையின் சாயலைத் தரினும், படத்தில் உண்மையாக அஞ்சத்தக்கது அதிகாரமே. 'அதே கண்கள்' படத்தின் நாயகனாகிய ரவிச்சந்திரன் இங்கு எதிர்நாயகனாகத் தோன்றுகிறார். இறை என்னும் சொல்லின் அரசியற் பொருள் தமிழ்த் திகில் படத்தில் தெளிவாக வெளிப்பட்ட இடம் இதுவெனலாம்.

6. பிணியும் அச்சமும்

மெய்ப்பாட்டியல் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கினைக் களமாகக் கூறுகிறது. பிணி இளிவரலின் களமேயன்றி அச்சத்தின் களமன்று. கரோல் தம் வகையை அச்சமும் அருவருப்பும் கலந்த உணர்வாக விளக்கினார். தொல்காப்பியம் இரண்டனையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்தது. இப்பிரிவினை திகில் படங்களின் அறத்தை மதிப்பிட இன்றியமையாதது.

பேயை நீக்கிய படங்கள் பேயின் இடத்தில் பெரும்பாலும் மனநோயை அமர்த்தின. 'நடு இரவில்' படத்தின் மாளிகையில் மனநலம் குன்றிய மனைவி ஐயத்திற்கு உரியவளாகிறாள். 'சைக்கோ' இறுதியில் மருத்துவர் ஒருவரின் நீண்ட விளக்கத்தைத் தருகிறது. இதன் விளைவு தமிழ்ச் சொல்வழக்கிலும் படிந்துள்ளது. உளம் தொடர்பான என்னும் பொருளில் கூட்டுச்சொற்களின் முன்னுறுப்பாக வருவது 'சைக்கோ'. ஆங்கிலத்தில் அது இழிவழக்காகப் படத்திற்கு முன்னரே தனித்து வழங்கியது. தமிழில் அது திரைப்படப் பெயரின் செல்வாக்கால் வேரூன்றியது எனக் கருத இடமுண்டு. இன்று நாளிதழ்களில் 'சைக்கோ கொலையாளி' என்பது நிலைபெற்ற தொடர். மிஷ்கினின் 2020ஆம் ஆண்டுப் படமும் இப்பெயரையே கொண்டது. பிணியைக் குறிக்கும் சொல் குற்றத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது. நோயுற்றோர் இதனால் அடையும் இழுக்கு சிறிதன்று. பேயை நம்பாத பகுத்தறிவுப் படங்கள் என இவற்றைப் பாராட்டும்போது, பேய் பிடித்தவர் என விலக்கப்பட்டவரே இங்கு நோயாளி என விலக்கப்படுகின்றனர் என்பதையும் திறனாய்வாளர் சுட்ட வேண்டும். 'சைக்கோ' என்று ஒலிபெயர்ப்பதா, 'தொடர் கொலைகாரன்' என்று பொருள்பெயர்ப்பதா என்னும் வினா நடையைப் பற்றியது மட்டுமன்று.

7. கட்சால் காட்டும் எல்லை

திரைப்பட வகையின் சொற்கள் உண்மை அச்சத்தை எவ்வளவு தாங்கும் என்பதை அறியக் கட்சால் தீவு ஓர் உரைகல்லாக அமைகிறது. நடு நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கட்சாலில் நிக்கோபாரியரோடு தமிழரும் வாழ்கின்றனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்து, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இந்தியா வந்தோருள் ஒரு பகுதியினர் 1970களில் இத்தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

தொல்காப்பியரின் நான்கு களங்களும் இங்குக் கதையாக அன்றி வாழ்வாக உள்ளன. எழுத்தில் வந்த ஆணை ஒன்று ஒருவனை நாடற்றவனாக்குவது இறையின் அச்சம். உவர்நீர் முதலை உலவும் நிக்கோபார்க் கழிகள் விலங்கின் அச்சத்திற்கு உரியவை. அணங்கைப் பொறுத்தவரை நடு நிக்கோபார் மரபு குறிப்பிடத்தக்க ஒரு மாற்றத்தைக் காட்டுகிறது. அங்கு வீடுகளில் வைக்கப்பட்ட மரச்சிற்பங்கள் தீய ஆவிகளை விரட்டுவதற்காக ஆக்கப்பட்டவை. இங்கு அஞ்சுவது மனிதனன்று, ஆவி, அச்சுறுத்துவது பொம்மை. தமிழரின் கண்ணேறு பொம்மையும் இவ்வினத்ததே. அஞ்சு என்னும் தன்வினையை அச்சுறுத்து என்னும் பிறவினையாக்கி, அதன் எழுவாயாக மனிதன் தன்னை அமைத்துக்கொள்ளும் முயற்சி இது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் பேரழிவுக்கு உள்ளான தீவுகளுள் கட்சாலும் ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐயாயிரத்திற்கு மேற்பட்டிருந்த மக்கள்தொகை 2011இல் மூவாயிரத்திற்குக் குறைந்தது. இவ்வச்சம் நான்கு களங்களுள் எதனிலும் நேராக அடங்குவதன்று. தமிழ் இதனை எவ்வாறு சொல்கிறது என்பது நோக்கத்தக்கது. 'கடல் சீறியது', 'கடல் கொண்டது' என்கிறோம். 'கடல்கோள்' என்று பெயரிடுகிறோம். கொள்ளுதல் கள்வர்க்கும் இறைக்கும் உரிய வினை. காரணமற்ற அழிவிற்கு மொழி ஓர் எழுவாயைத் தேடித் தருகிறது.

அதே வேளையில் மொழி ஓர் எல்லையையும் வகுக்கிறது. செய்தித்தாள்கள் 'சுனாமி பீதி' என்று எழுதின. 'சுனாமி திகில்' என்னும் தொடர் இயல்பாக ஒலிப்பதில்லை. திகில் படம், திகில் தொடர், திகில் கதை என்பன வழங்கும்; பீதிப் படம், பீதித் தொடர் என்பன வழங்கா. திகில் என்பது ஒருவர் தாமே தேர்ந்து, பாதுகாப்பான இடத்தில் இருந்து துய்க்கும் அச்சம். பீதி தேர்வின்றிப் பலரையும் ஒருங்கே பற்றும் அச்சம். பேய் இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டன்றி, அஞ்சுவோர்க்குத் தேர்வு இருக்கிறதா என்பதைக் கொண்டே தமிழ் இவ்விரு சொற்களையும் பிரிக்கிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. பேயில்லா அச்சப் படங்களுக்குத் திகில் படம் என்னும் வழக்குச்சொல்லே மொழிபெயர்ப்பில் பொருத்தமானது. பேய்ப்படம் என்பதை அணங்கு அச்சத்திற்கும், மர்மப் படம் என்பதை உணர்ச்சியினும் அறிவை முதன்மைப்படுத்தும் துப்பறி கதைக்கும் வரையறுத்துக்கொள்ளலாம். இவ்வகைப் படங்களின் சிறப்பு அஞ்சப்படுவதற்கும் அச்சம் பிறக்குமிடத்திற்கும் இடையிலான தொலைவைக் காத்தலில் உள்ளது. அவற்றின் அறம், அத்தொலைவின் முடிவில் யாரைக் காரணமாக நிறுத்துகின்றன என்பதில் உள்ளது. சூழ்ச்சியாளரை நிறுத்துவது எளிது. பெண்ணையும் நோயாளியையும் நிறுத்துவது அதனினும் எளிது, ஆனால் தீங்கானது. இல்லத்தின் தலைவனையும் ஊரின் தலைவனையும் நிறுத்திய படங்கள் மிகச் சிலவே. அச்சத்தின் களங்களுள் இறையைச் சேர்த்து எண்ணிய இலக்கண மரபிற்கு உரிய மொழியில், அச்சிலவே நெடுங்காலம் நிலைபெறும் தகுதியுடையன.